மலையுச்சியில் மூன்று வலம்

நுழையும்முன்

ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்று குண்டலகேசி. அதன் கதை நாடக மேடைக்கு வந்தது. பின்னர்ச் சேலத்தில் ‘மந்திரி குமாரி’ என்னும் திரைப்படமாக உருப்பெற்றது. தடைகளைக் கடந்த காதலையும் அதன் உள்ளே ஒளிந்திருந்த குற்றத்தையும் சொல்லும் அக்கதை, சூரமங்கலத்து மூதாட்டி ஒருவருக்கு இக்கட்டான வேளையில் எவ்வாறு துணைநின்றது என்பதை இவ்வுரைநடை எடுத்துரைக்கிறது.

சூரமங்கலத்து வீடு

சேலம் மாநகரின் மேற்கே அமைந்த பகுதி சூரமங்கலம். சேலம் சந்திப்பு எனப்படும் தொடர்வண்டி நிலையம் இங்கேதான் உள்ளது. வண்டிகளின் ஊதல் ஒலியும் வெள்ளிக்கொலுசுப் பட்டறைகளின் தட்டல் ஒலியும் கேட்டுப் பழகிய தெரு ஒன்றில், ஓடு வேய்ந்த சிறிய வீட்டில் அம்மூதாட்டி வாழ்கிறார். எழுபத்தைந்து வயதைக் கடந்தவர். மகளும் பதினொன்றாம் வகுப்பில் பயிலும் பேத்தியும் அவருடன் இருக்கின்றனர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல். தொலைக்காட்சியில் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஓடிக்கொண்டிருந்தது. நிலவொளியில் ஒரு மலை. கணவன் இனிமையாகப் பாடி அழைக்கிறான். மனைவி மகிழ்ச்சியோடு பின்தொடர்கிறாள். உச்சியை அடைந்ததும் அவன் முகம் மாறுகிறது. அவளைக் கொல்வதற்காகவே அங்கு அழைத்துவந்ததாகக் கூறுகிறான். விருந்துக்கு வந்திருந்த மாமா, உணவுத் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: “இதுக்குத்தான் பெரியவங்க பேச்சைக் கேக்கணும்ங்கிறது. தானா ஒருத்தனைத் தேடிக்கிட்டா இந்தக் கதிதான்.”

வீட்டில் யாரும் மறுமொழி கூறவில்லை. பேத்திக்கு மட்டும் அந்தச் சொல் உறுத்தியது. குண்டலகேசியின் கதையை அவள் வகுப்பில் கேட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை. கதை அவள் கேட்டதுதான். ஆனால் மாமா கண்ட பொருள் அவள் கண்ட பொருள் அன்று. அவள் அம்மாயியைப் பார்த்தாள். மூதாட்டியின் கண்கள் திரையைவிட்டு அகலவில்லை. அவருடைய உதடுகள் மெல்ல அசைந்தன. படத்தின் உரையாடலை முன்கூட்டியே அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

மலையடிவாரத்துத் திரைக்கூடம்

அத்திரைப்படம் உருவான இடம் அவ்வீட்டிலிருந்து வெகுதொலைவில் இல்லை. நகரின் மறுபுறத்தில், ஏற்காடு செல்லும் சாலையில், சேர்வராயன் மலையை நோக்கியவாறு மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனம் இயங்கியது. திருச்செங்கோட்டில் 1907-ஆம் ஆண்டு பிறந்த டி. ஆர். சுந்தரம், இங்கிலாந்தில் நெசவுத் தொழில்நுட்பம் பயின்று திரும்பியவர். நெசவை விட்டுத் திரைத்தொழிலில் இறங்கிய அவர், சென்னையை நாடாமல் சேலத்திலேயே தம் நிறுவனத்தை அமைத்தார். அந்நிறுவனத்தின் முதற்படமான ‘சதி அகல்யா’ 1937-இல் வெளிவந்தது. மலையாளத்தின் முதற்பேசும்படமான ‘பாலன்’ 1938-இல் இந்நிறுவனத்தின் தயாரிப்பாகவே வந்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமாகிய ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956-இல் இங்கிருந்தே வெளியாயிற்று. நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைத் தந்த அந்நிறுவனத்தின் எச்சமாக இன்று அதன் நுழைவாயில் வளைவு மட்டும் சாலையோரத்தில் நிற்கிறது.

நடிகர்களும் எழுத்தாளர்களும் பாடலாசிரியர்களும் சேலத்திற்கு வந்து தங்கி அங்குப் பணியாற்றினர். அவர்களுள் ஒருவர் மு. கருணாநிதி. குண்டலகேசிக் கதையின் ஒரு பகுதியைத் தழுவி அவர் எழுதிய நாடகமே அவருடைய கதை, உரையாடலுடன் 1950-இல் ‘மந்திரி குமாரி’ என்னும் படமாயிற்று. எல்லிஸ் ஆர். டங்கனும் டி. ஆர். சுந்தரமும் அதனை இயக்கினர். டங்கன் அமெரிக்கர், தமிழ் அறியாதவர். எம். ஜி. ஆர். முதன்முதலாக நடித்த ‘சதிலீலாவதி’ (1936) படத்தை இயக்கியவரும் அவரே. நெடுங்காலத்திற்கு முன் தமிழில் பாடப்பட்ட காப்பியக் கதையைத் தமிழறியா ஒருவர் திரைக்குக் கொண்டுவந்தது வியப்பிற்குரியது.

திரையில் விரிந்த கதை

முல்லை நாட்டு மன்னன், இராசகுருவின் சொல்லுக்குக் கட்டுண்டவன். குரு தம் மகன் பார்த்திபனைப் படைத்தலைவனாக்க விரும்புகிறார். மன்னனோ வீரமோகனுக்கு அப்பதவியை அளிக்கிறான். ஏமாற்றமடைந்த பார்த்திபன், பகலில் குருவின் மகனாகவும் இரவில் கொள்ளைக்காரனாகவும் வாழத் தொடங்குகிறான். கொள்ளையும் ஒரு கலையே என்று வாதிடும் அளவுக்கு அவனுக்கு நாவன்மை உண்டு. இளவரசி சீவரேகையை விரும்பி அவன் அனுப்பிய ஓலை, தவறுதலாக அமைச்சர் மகள் அமுதவல்லியின் கையைச் சேர்கிறது. ஓலையை நம்பி வந்த அவள் அவன்மீது காதல் கொள்கிறாள். அவன் பிடிபட்டபோது அவளே அவனைக் காப்பாற்றுகிறாள், அவனை மணக்கிறாள், கொள்ளையை விட்டுவிடுமாறு வேண்டுகிறாள். அவன் விடவில்லை. அவனுடைய மறைவான செயல்களை அவள் அறிந்துகொண்டபின், அவள் உயிரோடிருப்பது அவனுக்கு இடையூறாகிறது.

வீரமோகனாக எம். ஜி. ஆரும், பார்த்திபனாக எஸ். ஏ. நடராசனும், இராசகுருவாக எம். என். நம்பியாரும், சீவரேகையாக ஜி. சகுந்தலாவும் நடித்தனர். எனினும் படத்தின் பெயர் மாதுரிதேவி ஏற்ற அமுதவல்லிக்கே உரியது. வாளேந்திய வீரனின் பெயரால் படம் அழைக்கப்படவில்லை. ஏமாற்றப்பட்டு, பின் உண்மையை உணர்ந்த பெண்ணைக் குறித்தே அதற்குப் பெயர் அமைந்தது.

மலைக்காட்சியின் ஆற்றல் அதன் முரணில் இருக்கிறது. ஜி. இராமநாதனின் இசையில், திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடிய அப்பாடல் கேட்பதற்குத் தாலாட்டுப்போல் மென்மையானது. அந்த மென்மையே கொலைக்கு வழிகாட்டுகிறது. உண்மை வெளிப்பட்டபோது அமுதவல்லி அழுது புரளவில்லை. இறப்பதற்கு முன் கணவனை மும்முறை வலம்வந்து வணங்க வேண்டும் என்று கேட்கிறாள். தன்னை வணங்க வரும் பெண்ணால் தனக்குத் தீங்கு நேரும் என்று அவன் எண்ணவில்லை. மூன்றாம் சுற்றில் அவன் பின்னால் வந்தவள் அவனைப் பள்ளத்தில் தள்ளிவிடுகிறாள்.

காப்பியத்தின் வேர்

இக்காட்சியின் வேர் மிகப் பழையது. நாதகுத்தனார் இயற்றிய குண்டலகேசி பௌத்த சமயக் காப்பியம். அதன் பாடல்களுள் பத்தொன்பது மட்டுமே இன்று கிடைத்துள்ளன. அதற்கு மறுப்பாக எழுந்த சமண நூலாகிய நீலகேசியின் உரைவழியே கதையை அறிய முடிகிறது. வணிகர் குலத்தில் பிறந்த பத்திரை, கொலைக்களத்திற்கு இட்டுச்செல்லப்படும் காளன் என்னும் கள்வனைக் கண்டு காதல் கொள்கிறாள். தந்தை அவனை மீட்டு அவளுக்கு மணம்செய்து வைக்கிறார். ஒருநாள் ஊடலின்போது அவள் விளையாட்டாக அவனைக் கள்வன் என்கிறாள். அச்சொல்லைப் பொறாத அவன் அவளைக் கொல்ல மலைக்கு அழைத்துச் செல்கிறான்.

பாலி மொழி மரபில் இக்கதை சற்றே வேறுபடுகிறது. பௌத்தப் பெண்துறவியரின் பாடல் தொகுப்பாகிய தேரிகாதையின் உரை, அக்கள்வனை அரசபுரோகிதரின் மகன் என்கிறது. அவனை மலைக்கு இழுத்தது அவளுடைய நகைகளின்மேல் கொண்ட ஆசை. மலைத்தெய்வத்திற்கு நேர்ந்துகொண்டதாகப் பொய்கூறி, எல்லா அணிகலன்களையும் பூண்டுவரச் செய்கிறான். அவள் தப்பியபோது, பெண்ணும் அறிவிற் சிறந்தவளே என்று அம்மலைத்தெய்வம் பாராட்டியதாகவும் அம்மரபு சொல்கிறது.

எந்த மரபிலும் கதை மலையுச்சியோடு முடிந்துவிடவில்லை. உயிர்தப்பிய பெண் பழைய வாழ்வுக்குத் திரும்பவில்லை. துறவு பூண்டு, நூல்களைக் கற்று, ஊர்தோறும் சென்று அறிஞர்களோடு வாதிடுகிறாள். இறுதியில் சாரிபுத்தரிடம் தோற்றுப் பௌத்தத்தைத் தழுவுகிறாள். மழித்த தலையில் சுருண்டு வளர்ந்த கூந்தலே அவளுக்குக் குண்டலகேசி என்னும் பெயரைத் தந்தது. கொலை அவளுடைய வெற்றியாகக் கொண்டாடப்படவில்லை. தன்னைக் காத்த அறிவை அவள் பின்னர் எதற்குப் பயன்படுத்தினாள் என்பதே காப்பியத்தின் அக்கறை.

கடலுக்கு அப்பால்

காதலும் குற்றமும் பின்னிய இத்தகைய மிகையுணர்ச்சிப் படங்கள் தமிழில் மட்டும் எழுந்தவை அல்ல. ‘மந்திரி குமாரி’ வெளியான அதே 1950-இல், உலகின் மறுபக்கத்து மெக்சிகோவில் ‘அவெந்துரேரா’ என்னும் படம் வந்தது. அல்பெர்த்தோ கோவுட் இயக்கிய அப்படத்தில், கியூபாவில் பிறந்த நடனக் கலைஞர் நினோன் செவிய்யா கதைத்தலைவியாக நடித்தார். மெக்சிகோ திரையுலகின் பொற்காலம் என்று போற்றப்படும் காலத்தில் புகழ்பெற்ற படங்களுள் அதுவும் ஒன்று.

பெற்றோரை இழந்து தனித்த எலேனா என்னும் இளம்பெண், பிழைப்பைத் தேடி எல்லை நகரமாகிய ஹுவாரெசுக்குச் செல்கிறாள். நம்பிய ஒருவனால் வஞ்சிக்கப்பட்டு இரவு நடன விடுதி ஒன்றில் சிக்குகிறாள். தப்பிச்சென்று நடனக் கலைஞராகப் புகழடைந்தபின், மதிப்புமிக்க குடும்பத்து இளைஞன் ஒருவன் அவளை மணக்க விரும்பித் தன் தாயிடம் அழைத்துச் செல்கிறான். குவாதலஹாரா நகரில் ஊரார் வணங்க வாழும் அத்தாயைக் கண்டதும் எலேனா திகைத்து நிற்கிறாள். தன்னைச் சிறைப்படுத்திய அந்த விடுதியின் உரிமையாளரே அவர்.

இரு படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் ஒற்றுமை புலப்படும். குலத்தின் மதிப்பைக் காப்பதாகச் சொல்லும் இடத்திலேயே குற்றம் குடியிருக்கிறது. முல்லை நாட்டில் கொள்ளைக்காரன் காட்டிலிருந்து வரவில்லை. குருவின் இல்லத்திலிருந்து வருகிறான். மெக்சிகோவில் வஞ்சத்தின் தலைவி இருண்ட தெருவில் வாழவில்லை. பெருமைக்குரிய மாளிகையில் வாழ்கிறார். ஊர் பழிப்பது பெண்ணின் காதலை. கதை சுட்டிக்காட்டுவது அக்காதலைப் பயன்படுத்திக்கொண்டவர்களின் பேராசையை. திரையில் பெருகும் கண்ணீருக்கும் உரத்த வசனங்களுக்கும் இடையே, வீட்டில் வெளிப்படையாகப் பேச இயலாத உண்மையை மக்கள் கூட்டமாக அமர்ந்து காண்கிறார்கள். இப்படங்கள் நெடுங்காலம் நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு நாள் தவணை

அன்று மாலை மாமா புறப்பட்டுச் சென்றபின், திண்ணையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த மூதாட்டியின் அருகில் பேத்தி வந்து அமர்ந்தாள்.

“அம்மாயி, மாமா சொன்னது சரியா? அமுதவல்லி காதலிச்சதுதான் தப்பா?”

மூதாட்டி உடனே விடைகூறவில்லை. வெற்றிலையின் காம்பைக் கிள்ளி எறிந்தார்.

“எனக்குப் பெரியவங்க பாத்துத்தான் கண்ணு கட்டி வெச்சாங்க. சாதகம் பாத்தாங்க, குலம் பாத்தாங்க. நான் யாரையும் தேடிக்கலையே.”

பிறகு அவர் சொன்னவை அவ்வீட்டில் அதுவரை யாரும் பேசாதவை. திருமணமான ஓராண்டிற்குள் அவருடைய கணவர் சீட்டாட்டத்தில் விழுந்தார். ஊரில் நல்ல பெயர் உள்ளவர். கோயில் திருவிழாவில் முன்வரிசையில் நிற்பவர். முதலில் தோடு போயிற்று. பின்னர் வளையல், அதன்பின் கால்கொலுசு. ஒவ்வொரு முறையும் அன்பான சொற்களோடுதான் அவர் வந்தார். இனிமையான பேச்சு கேட்டாலே அடுத்துப் போகப்போவது எது என்று நெஞ்சு நடுங்கும் நிலைக்கு அந்த இளம்பெண் வந்துவிட்டார்.

அந்நாளில், ஊர்ப்புறத்து டூரிங் டாக்கீசில் பழைய படங்களை மீண்டும் திரையிடுவார்கள். பக்கத்து வீட்டுப் பெண்களோடு சென்று, மணலைக் குவித்து அமர்ந்து, ‘மந்திரி குமாரி’யைப் பார்த்தார். மலையுச்சிப் பாடல் தொடங்கியதும் பெண்கள் பகுதியில் பேச்சு அடங்கிவிட்டது.

“அந்தப் பாட்டுல அவன் எவ்வளவு பதமாக் கூப்பிடுறான் பாத்தியா? அந்தப் பதமான கொரலு எனக்குத் தெரிஞ்ச கொரலு கண்ணு. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல.”

சில திங்கள் கழித்துக் கணவர் ஒரு பத்திரத்தோடு வந்தார். மூதாட்டியின் தந்தை சீராகத் தந்த வீடு மூதாட்டியின் பெயரில் இருந்தது. அதை அடகுவைக்க அவருடைய கையெழுத்து வேண்டும். தரகர் வாசலில் காத்திருந்தார். மறுத்தால் அடி விழும். இசைந்தால் வீடு போய்விடும். எதிர்த்துப் பேசும் துணிவு அவருக்கு அப்போது இல்லை. ஆனால் மணலில் அமர்ந்து கண்ட காட்சி நினைவில் எழுந்தது.

“‘ஏனுங்க, இன்னிக்கு நாள் நல்லா இல்லீங்க. நாளைக்குக் காத்தால சாமி கும்பிட்டுட்டுக் கையெழுத்துப் போட்டுத் தரேனுங்க’ன்னு சொன்னேன். அவரும் சரின்னுட்டாரு. சாமி கும்பிடறவளைப் பாத்து யாரு பயப்படுவாங்க?”

மறுநாள் விடியுமுன் அவர் எழுந்து நடந்தே தம் அண்ணன் வீட்டிற்குச் சென்றார். அண்ணனும் ஊர்ப் பெரியவர் இருவரும் உடன்வந்து திண்ணையில் அமர்ந்தனர். பத்திரம் கைமாறவில்லை. கணவர் பல நாள் பேசாமல் இருந்தார். சீட்டாட்டத்தை அவர் முற்றாக விடப் பல ஆண்டுகள் ஆயின. இறுதிக்காலத்தில் அவர் அதே திண்ணையில் படுத்திருந்து, “வீடு இருந்ததால தப்பிச்சோம்” என்று ஒருமுறை சொன்னார். அதற்குமேல் அதைப்பற்றி அவரும் பேசவில்லை, மூதாட்டியும் பேசவில்லை.

பேத்தி தான் அமர்ந்திருந்த திண்ணையைப் பார்த்தாள். கருங்கல் தளம் நடுவில் சற்றே தேய்ந்திருந்தது.

“அப்போ, அமுதவல்லி தள்ளிவிட்டது சரியா அம்மாயி?”

“உசுருக்கு ஆபத்துன்னா என்ன செய்யறதுன்னு நான் சொல்ல முடியாது சாமி. ஆனா, தள்ளிவிட்டது பெரிசில்ல. சாகப்போற நேரத்துலயும் ஒரு நிமிசம் நின்னு யோசிச்சா பாரு, அதுதான் பெரிசு. மூணு சுத்து சுத்தறேன்னு அவ கேட்டது யோசிக்கறதுக்கான நேரம். நான் கேட்டதும் அதுதான்.”

பேத்தி நெடுநேரம் பேசாமல் இருந்தாள். பெரியோர் தேர்ந்த மணமாயினும் தாமே தேர்ந்த மணமாயினும், அன்பின் பெயரால் ஒருவர் மற்றவரை அழிக்க வரும்போது அங்கு அன்பு முடிந்துவிட்டது என்பதை அவள் உணர்ந்தாள். அமுதவல்லிக்கு மலையுச்சியில் உதவ யாரும் இல்லை. மூதாட்டிக்கு அண்ணன் இருந்தார். தன் தலைமுறைக்குச் சட்டமும் கல்வியும் உண்டு. அவற்றை நாடிச்செல்லும் வழியும் உண்டு. எனினும் முதலில் வேண்டியது, இனிய குரலுக்குப் பின்னால் இருப்பதை அறியும் தெளிவும் “ஒரு நாள் பொறுங்கள்” என்று கேட்கும் நிதானமும் ஆகும்.

தெருமுனையில் விளக்கு எரியத் தொடங்கியது. சந்திப்பிலிருந்து ஒரு வண்டி ஊதிக்கொண்டு புறப்பட்டது. மூதாட்டி வெற்றிலைப் பெட்டியை மூடினார்.

“அடுத்த தடவை உங்க மாமன் வந்தா, இந்தக் கதையை அவனுக்கும் சொல்லோணும்” என்றார்.

“நீங்களே சொல்லுங்க அம்மாயி” என்றாள் பேத்தி.

“ஆமா, நானேதான் சொல்லோணும். அவன் பொறந்ததும் இந்த வீட்டுலதானே.”